நடுங்கும் கையும் மந்திரமும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியப் பெருமக்களே, பட்டறையிலும் ஆய்வுக்கூடத்திலும் என்னைப் பொறுத்துக்கொண்ட பயிற்றுநர்களே, எனக்கு முன்னால் இந்த வாசலைக் கடந்த அண்ணன்மார்களே, அக்காமார்களே, இன்றைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து 'இவர் எப்போ முடிப்பார்' என்று கடிகாரம் பார்க்கும் தம்பி, தங்கைகளே! 

சங்கச் செயலாளர் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, இந்த வருஷம் நீ பேசணும். ஆனா ஒண்ணு. பம்பு, பேரிங்னு ஆரம்பிச்சிடாதே. சாப்பாட்டுக்கு முன்னாடி உள்ள நேரம். ஜனங்க எழுந்து போயிடுவாங்க" என்றார். "அப்ப சினிமா பத்திப் பேசறேண்ணே" என்றேன். "பேஷ்!" என்று சொல்லிவிட்டார். ஆகவே சினிமா பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் கடைசியில் ஒரு பம்பும் ஒரு பேரிங்கும் வந்தே தீரும். செயலாளர் அண்ணன் மன்னிக்க வேண்டும்.

நான் சொல்லப்போவது 2016 நவம்பரில் வெளிவந்த 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' என்ற ஆங்கிலப் படம். ஸ்காட் டெரிக்சன் இயக்கியது. பெனடிக்ட் கம்பர்பேட்ச் கதாநாயகன். இங்கே உள்ள மாணவர்களுக்கு இந்தப் படத்தை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஆனால் முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டீபன் ஸ்ட்ரேஞ்ச் நியூயார்க்கில் ஒரு நரம்பியல் அறுவை நிபுணர். கை என்றால் அப்படி ஒரு கை. அதைவிடப் பெரியது அவருடைய கர்வம். சுலபமான நோயாளி அவருக்கு வேண்டாம். பிழைக்க வாய்ப்புக் குறைந்த நோயாளியும் வேண்டாம். ஏனென்றால் தோற்காத பெயர் கெட்டுவிடும். ஒருநாள் இரவு காரில் போகும்போதே போனில் 'எந்தக் கேஸை எடுக்கலாம்' என்று பொறுக்கிக்கொண்டு போகிறார். அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் வேண்டாமாம். இன்னொரு நோயாளியின் ஸ்கேன் படம் சுவாரசியமாக இருக்கிறதாம். அதைத் திரையில் பார்த்த ஒரு நொடியில் கார் மலைச்சரிவில் உருண்டுவிடுகிறது. கண் விழிக்கும்போது இரண்டு கையிலும் எலும்புகளைப் பிடித்து நிறுத்த 11 ஸ்டீல் ஊசிகள். நரம்பெல்லாம் சேதம். கை நடுங்குகிறது. தன் பெயரைக்கூட நேராக எழுத முடியவில்லை.

(இடையில் ஒரு செய்தி. இந்தப் படத்தின் இறுதிப் பெயர்ப்பட்டியலில், கவனம் சிதறி வண்டி ஓட்டினால் பெரும் விபத்தும் மரணமும் நேரும், பொறுப்போடு ஓட்டுங்கள் என்று ஓர் எச்சரிக்கை வரும். பைக்கில் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு ஓட்டும் தம்பிகள் கவனிக்கவும்.)

கையைச் சரிசெய்யப் பணத்தையெல்லாம் கரைத்த பிறகு, கடைசியில் நேபாளத்தின் காத்மாண்டுவுக்குப் போய்ச் சேருகிறார். அங்கே 'கமர்தாஜ்' என்ற இடத்தில் ஒரு குரு. கை குணமாக வேண்டும் என்று போனவர் மந்திரம் படிக்கும் மாணவர் ஆகிறார். இதுதான் கதை. காத்மாண்டு காட்சிகளை அங்கேயே போய் எடுத்தார்கள். 2015 ஏப்ரலில் நேபாளத்தைக் குலுக்கிய நிலநடுக்கம் முடிந்து ஏழு மாதம்கூட ஆகாத நேரம் அது.

படம் வந்தபோது நான் வேலையில் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஹாஸ்டல் நண்பர்கள் மூன்று பேரோடு சென்னையில் பார்த்தேன். கட்டடங்கள் காகிதம்போல மடிவதையும், வானம் தலைகீழாகத் தொங்குவதையும் வாயைப் பிளந்து பார்த்தோம். இடைவேளையில் ஒரு நண்பன் கேட்டான்: "டேய், அந்த டாக்டர் மொத அரை மணி நேரம் அப்படியே உன்னை மாதிரியே இருக்கான்ல?" நான் பெருமையாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி இந்தக் கதையின் வேரைப் பார்ப்போம்.

என் தாய்மாமா வீட்டில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதற்குள் சிவகாசியில் அச்சான முத்து காமிக்ஸ் புத்தகங்கள். 1972இல் தொடங்கியது அந்த வரிசை. இங்கே ஐம்பது வயதைத் தாண்டிய பல முகங்கள் இப்போது மலர்வதைப் பார்க்கிறேன். நன்றி! இரும்புக்கை மாயாவியும் மாண்ட்ரேக்கும் அந்தப் பெட்டிக்குள்தான் எனக்கு அறிமுகம். மேல்கோட்டும் தொப்பியுமாக வந்து, கையை ஒரு அசைப்பு அசைத்தால் எதிரியின் துப்பாக்கி வாழைப்பழமாகத் தெரியுமே, அந்த மாண்ட்ரேக்! அமெரிக்காவில் லீ பாக் எழுத, பில் டேவிஸ் வரைய, 1934 ஜூனில் செய்தித்தாள் தொடராகப் பிறந்தவர். அவர் எங்கே படித்தார் தெரியுமா? திபெத்தில், மலைகளுக்கு நடுவில், ஒரு மந்திரக் கல்லூரியில். ஆமாம், கல்லூரிதான்! முன்னாள் மாணவர் சங்கம் இருந்ததா என்பது மட்டும் கதையில் இல்லை.

அதற்கும் முன்னால், 1931இல் அமெரிக்க வானொலியில் 'சாண்டு' என்ற மந்திரக்காரர் வந்தார். அவரும் அமெரிக்கர்தான், நம் நாட்டு யோகியிடம் வித்தை கற்றவர் என்பது கதை. டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் வசனத்தை எழுதிய ஸ்டான் லீ, சிறுவயதில் சாண்டுவைக் கேட்டு வளர்ந்ததை அவரே சொல்லியிருக்கிறார். ஆக, மேற்கிலிருந்து ஒருவர் கிழக்கே போவார், மலைமேல் ஒரு கிழவரிடம் வித்தை கற்பார், சீக்கிரமே உள்ளூர்க்காரர்களையெல்லாம் மிஞ்சிவிடுவார். இது அந்த நாட்டுப் பழைய தச்சு. அதில் ஒரு அலட்சியம் இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை.

படம் எடுத்தவர்களுக்கும் அது உறுத்தியிருக்கிறது. சித்திரக்கதையில் வோங் என்ற ஆசியர் ஸ்ட்ரேஞ்சுக்குத் தேநீர் கொண்டுவரும் பணியாள். படத்தில் அவரை நூலகத்தின் காவலர் ஆக்கினார்கள். ஸ்ட்ரேஞ்சே அவரிடம் கைகட்டிப் புத்தகம் கேட்கவேண்டும். நல்ல மாற்றம். ஆனால் சித்திரக்கதையில் வயது முதிர்ந்த ஆசியராக இருந்த குருவை, டில்டா ஸ்விண்டன் என்ற வெள்ளைக்கார நடிகையாக மாற்றினார்கள். 'கிழக்கத்திய கிழவர்' என்ற தேய்ந்த பொம்மையைத் தவிர்க்கவே அப்படிச் செய்தோம் என்றார்கள். 'பொம்மை பிடிக்கவில்லையென்றால் அதை மனிதனாக மாற்றியிருக்கலாமே, ஏன் நாற்காலியையே பிடுங்கினீர்கள்' என்று பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது என்பது என் கருத்து. ஸ்விண்டன் அருமையாக நடித்தார் என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

இப்போது டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் பிறந்த வீட்டுக்குப் போவோம்.

1963 ஜூலை தேதியிட்ட 'ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்' 110ஆவது இதழ். விலை 12 சென்ட். அந்த இதழின் நாயகன் வேறொருவர், 'ஹ்யூமன் டார்ச்' என்ற நெருப்பு மனிதன். பக்கத்தை நிரப்புவதுபோல் பின்னால் ஐந்தே பக்கத்தில் ஒரு சின்னக் கதை. அதுதான் நம்மாள் அறிமுகம். அதை உருவாக்கி வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. பென்சில்வேனியா மாநிலத்தின் ஜான்ஸ்டவுன் ஊர்க்காரர். ஸ்பைடர்மேனை லீயோடு சேர்ந்து படைத்தவரும் அவரே. இது ஸ்டீவின் யோசனை என்று 1963 ஜனவரியிலேயே ஒரு ரசிகருக்கு எழுதிய கடிதத்தில் லீ ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அதே கடிதத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதலில் இவருக்கு 'மிஸ்டர் ஸ்ட்ரேஞ்ச்' என்று பெயர் வைக்க இருந்தார்களாம். அவர்களிடம் ஏற்கெனவே 'மிஸ்டர் பென்டாஸ்டிக்' இருந்தார். குழப்பம் வருமே என்று 'டாக்டர்' என்று மாற்றினார்களாம். கவனியுங்கள்! அப்போது அறுவைச் சிகிச்சையும் இல்லை, கார் விபத்தும் இல்லை, நடுங்கும் கையும் இல்லை. இவர் எங்கிருந்து வந்தார் என்ற கதையை 1963 டிசம்பர் தேதியிட்ட 115ஆவது இதழில்தான், எட்டுப் பக்கத்தில் சொன்னார்கள். முதலில் வந்தது பட்டம், மருத்துவரானது பிறகு. நமக்குத்தான் நாலு வருஷம் படித்தால்தான் பட்டம்.

சிரிக்கிறோம். ஆனால் யோசித்தால், எல்லோருடைய பூர்வகதையும் இப்படிப் பின்னால் எழுதப்படுவதுதான். இன்று காலையிலிருந்து அந்த வேப்பமரத்தடியில் என்ன நடந்தது? ஒவ்வொருவரும் அவரவர் பூர்வகதையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். "நான் இங்கே வரும்போது இங்கிலீஷே தெரியாதுடா... ரெண்டு அரியர் வெச்சிருந்தேன்... இன்னிக்குப் பாரு." பொய் இல்லை. ஆனால் சொல்கிறவர் இன்றைக்கு எங்கே நிற்கிறாரோ, அங்கிருந்து பின்னோக்கி நூல் பிடித்த கதை. அதில் யார் யார் விட்டுப்போனார்கள் என்பதுதான் என் கேள்வி.

அந்த எட்டுப் பக்கக் கதையில் ஸ்ட்ரேஞ்ச் இன்னும் மோசமான ஆள். காசு இல்லாத நோயாளியைத் தொடமாட்டார். விபத்துக்குப் பிறகு, 'அறுவை செய்ய முடியாவிட்டால் என்ன, உடன் இருந்து ஆலோசனை சொல்' என்று மற்ற மருத்துவர்கள் அழைக்கிறார்கள். 'நான் இன்னொருத்தனுக்கு உதவியாளா?' என்று மறுத்துவிடுகிறார். கப்பல்துறையில் நாடோடியாகத் திரிகிறார். அங்கே மாலுமிகள் பேசிக்கொள்வதைக் கேட்டுத்தான் கிழக்கே உள்ள குருவைத் தேடிப் போகிறார். குரு, 'உன் கையைச் சரிசெய்ய முடியாது. வேண்டுமானால் தங்கிப் படி' என்கிறார். பனிப்புயலில் திரும்பவும் முடியவில்லை. அந்த இடத்தில்தான் முக்கியமான திருப்பம். குருவின் சீடனான மார்டோ, குருவைக் கொல்லத் திட்டமிடுவதை ஸ்ட்ரேஞ்ச் பார்த்துவிடுகிறார். சொல்ல வாய் திறந்தால், மார்டோ போட்ட கட்டு பேசவிடவில்லை. அப்போதுதான், வாழ்நாளில் முதன்முறையாக, தன் கையை மறந்து இன்னொரு உயிரைக் காப்பாற்றுவதற்காக 'நான் மந்திரம் கற்கிறேன்' என்கிறார். குருவுக்கு எல்லாம் முன்பே தெரியும். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தார்.

கர்வம் பிடித்தவன் கற்றுக்கொள்ளத் தகுதி பெறும் நொடி எது என்று சித்திரக்கதை சொல்லிவிட்டது. அடுத்தவனைக் கண்ணால் பார்க்கும் நொடி.

டிட்கோவின் படங்களில் கைகளைப் பாருங்கள். விரல்கள் பேசும். நம் ஊர்ச் சிற்பங்களில் முத்திரை பிடித்த கைபோல ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வேலை இருக்கும். அதைத் திரையில் கொண்டுவர, விரல்களாலேயே நடனமாடும் ஒரு கலைஞரை அழைத்துவந்து நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தரத்தில் மிதக்கும் பாதைகள், எங்கேயோ திறக்கும் கதவுகள் என்று படத்தில் நாம் வாய்பிளந்த விசித்திர உலகங்களும் அந்த மனிதர் மேஜையில் மையும் தூரிகையும் கொண்டு வரைந்தவற்றின் வழிவந்தவைதான். 1966 ஜூலை இதழோடு அவர் அந்தத் தொடரை விட்டார். பேட்டி கொடுக்க மறுத்து, படம் பிடிக்க மறுத்து, நியூயார்க்கில் தன் மேஜையில் வரைந்துகொண்டே இருந்தார். 2018இல் தொண்ணூறு வயதில் காலமானார். படத்தில் ஸ்டான் லீ ஒரு பேருந்தில் உட்கார்ந்து புத்தகம் படித்துச் சிரித்துக்கொண்டே ஒரு நொடி வந்துபோவார், தியேட்டரில் கைத்தட்டல். டிட்கோ எந்தப் படத்திலும் அப்படி வந்ததில்லை. அவர் பெயர் பட்டியலில் மட்டும் வரும். எழுந்து போகிற அவசரத்தில் நாம் படிக்கமாட்டோம்.

இப்போது நம் பட்டறைக்கு வருகிறேன்.

முதலாண்டு. பிட்டிங் ஷாப். ஒரு இரும்புத் தகட்டை அரத்தால் ராவி நாலு மூலையும் சரியாக்க வேண்டும். எங்கள் பயிற்றுநர் சார், நாம் கொண்டுபோகும் தகட்டின்மேல் மூலைமட்டத்தை வைத்து ஜன்னலுக்கு நேரே பிடிப்பார். மட்டத்துக்கும் இரும்புக்கும் இடையில் நூலளவு வெளிச்சம் தெரிந்தால் போச்சு. "வெளிச்சம் வருது. ராவிட்டு வா." அவ்வளவுதான் வசனம். ஒரு நாளில் ஆறு தடவை, ஏழு தடவை. கையெல்லாம் கொப்புளம். நானோ பள்ளியில் மாவட்ட அளவில் மதிப்பெண் வாங்கியவன். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்: "சார், இதெல்லாம் இப்ப மிஷின்ல ஒரு நிமிஷத்துல பண்ணிடுவாங்களே, எதுக்கு சார்?" அவர் கோபப்படவில்லை. "தகடு நேராகறதுக்கு இல்லப்பா. நீ நேராகறதுக்கு" என்றார். அன்றைக்கு அதை ஹாஸ்டலில் நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தேன்.

படத்திலும் இதே பட்டறைதான். மந்திரம் என்ற சொல் உறுத்தினால் 'புரோகிராம்' என்று வைத்துக்கொள் என்று குரு சொல்வார். நம் கம்ப்யூட்டர் துறை நண்பர்கள் நிமிர்ந்து உட்காரலாம்! வரம் கிடையாது. நூலகம் உண்டு, பயிற்சி முற்றம் உண்டு, தோல்வி உண்டு. எல்லோரும் காற்றில் நெருப்பு வளையம் வரைகிறார்கள். ஸ்ட்ரேஞ்சுக்கு நாலு பொறிகூட வரவில்லை. 'என் கை இப்படி இருக்கே' என்கிறார். குரு உடனே வேறொரு ஆசானைக் கூப்பிடுகிறார். அவருக்கு ஒரு கையே இல்லை. அவர் அமைதியாக மந்திரம் செய்துவிட்டுப் போகிறார். கையில் இல்லை குறை என்று அவன் புரிந்துகொள்ள வேண்டும்.

முடிவும் அப்படித்தான். சாதாரணமாக இந்த மாதிரிப் படங்களில் கடைசியில் ஒரு நகரமே தூளாகும். இதில் ஹாங்காங் தெரு ஏற்கெனவே இடிந்துகிடக்கிறது. காலம் பின்னோக்கி ஓட, கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. டொர்மாமு என்ற மாபெரும் சக்தியை ஸ்ட்ரேஞ்சால் ஜெயிக்க முடியாது. அதனால் காலத்தை ஒரு வளையமாக முடிச்சுப்போட்டுவிட்டு, அதன் முன்னால் போய் நிற்கிறார். சாகிறார். திரும்பவும் வருகிறார். திரும்பவும் சாகிறார். தோற்றுக்கொண்டே இருப்பதற்குத் தயாராக இருப்பவனை என்ன செய்வது என்று அந்தச் சக்திக்கே தெரியவில்லை. பேரம் பேசிவிட்டுப் போய்விடுகிறது. தோற்காத பெயருக்காக ஒரு வயதான அம்மாவை நிராகரித்த மனிதர்தான் இவர்!

சரி. பம்புக்கு வருகிறேன்.

2018. ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் நான் பொறியாளர். தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். குற்றம் அதனுடையது இல்லை. கூலிங் வாட்டர் பம்பு ஒன்று. அங்கே முப்பது வருஷ அனுபவமுள்ள பிட்டர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேரிங்கின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். மருத்துவரின் குழல் மாதிரி. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்னிடம் வந்து, "சார், பேரிங் பேசுது. இன்னிக்கு நைட் ஓட்ட வேணாம். ஸ்டாண்ட்பை பம்பைப் போட்டுடலாம்" என்றார்.

என் கையில் அதிர்வு அளக்கும் கருவி. புதிது, நான் பரிந்துரைத்து வாங்கியது. வைத்துப் பார்த்தேன். அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது. "ரீடிங் சரியா இருக்குண்ணே. திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்றேன். அவர் நின்றார். "சார், மெஷின் சொல்றது வேற, காது சொல்றது வேற" என்றார். பக்கத்தில் இரண்டு புதுப் பொறியாளர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் ஒரு வார்த்தை சொன்னேன்: "அண்ணே, காது கேக்கற காலம் முடிஞ்சுபோச்சு." சிரித்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இரவு இரண்டு மணிக்குப் போன் வந்தது. பேரிங் இறுகி, கப்ளிங் உடைந்து, மேலே இருந்த கார்டைப் பிய்த்துக்கொண்டு சிதறியிருக்கிறது. எண்ணெய் மட்டம் பார்க்கப் போயிருந்த ஒப்பந்தத் தொழிலாளி, இருபத்து மூன்று வயதுப் பையன். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

விசாரணை நடந்தது. 'இயந்திரக் கோளாறு' என்று அறிக்கை. என் ரீடிங் பதிவேட்டில் சரியாக இருந்தது. ஆகவே என்மேல் தவறில்லை. அண்ணன் வந்து சொன்னது பதிவேட்டில் இல்லை, காதால் கேட்டதை எழுத அதில் கட்டம் இல்லை. என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு மாதம் சொல்லவில்லை. இதை இந்த மேடையில்தான் முதன்முதலாகப் பலர் முன்னால் சொல்கிறேன்.

அடுத்த வருஷம் ஒருநாள் இரவு வீட்டில் தொலைக்காட்சியில் அந்தப் படம் ஓடியது. என் மனைவி, "உங்களுக்குப் பிடிச்ச படமாச்சே" என்றாள். உட்கார்ந்தேன். கார் உருண்டது. மருத்துவமனையில் அவர் தன் கையைப் பார்க்கும் காட்சி வந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

அங்கே நின்றபோதுதான் ஒன்று புரிந்தது. கதையில் கர்வம் பிடித்தவனுடைய கை உடைகிறது. கதைக்கு அது அழகு. பாவமும் தண்டனையும் ஒரே உடம்பில். ஆனால் நம் தொழிலில் அப்படி நடப்பதில்லை. நாம் கர்வப்பட்டால் உடைவது நம் கை இல்லை. இரவு ஷிப்டில் நிற்கிற எவனோ ஒருவனுடைய கை. நம் கையெழுத்து அப்படியே நேராக இருக்கும், நடுங்காது. அதுதான் ஆபத்து. ஸ்ட்ரேஞ்சுக்காவது கை நடுங்கி நடுங்கித் தினமும் ஞாபகப்படுத்தியது. நமக்கு அந்த வசதி இல்லை. நாமேதான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஒரு மாதம் கழித்து என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. மேலதிகாரியிடம் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது, அது நியாயம்தான். பதிவேட்டில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னேன்: 'இயக்குபவர், பிட்டர் சொன்னது.' அந்தக் கட்டத்தில் சந்தேகம் என்று ஒரு சொல் இருந்தாலும் இயந்திரம் நிற்க வேண்டும். காரணம் பிறகு பார்க்கலாம். அண்ணன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர், "விடுங்க சார். எனக்கும் அன்னிக்கு ரோஷம். இன்னும் ரெண்டு தடவை சொல்லியிருக்கணும்" என்றார். தப்பே செய்யாத மனிதர் தன் பங்கு என்று ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தத் தம்பி இப்போது அதே தொழிற்சாலையில் ஸ்டோரில் நிரந்தர வேலையில் இருக்கிறான். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டான். பொங்கலுக்குப் போவேன். டீ டம்ளரை அந்த வலது கையால்தான் நீட்டுவான். என்னைக் குத்திக்காட்ட இல்லை. அவனுக்கு அது அவன் கை, அவ்வளவுதான். வாங்கும்போது என் கைதான் நடுங்கும்.

படத்தின் முடிவில் ஸ்ட்ரேஞ்சுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. கற்ற மந்திரத்தையெல்லாம் தன் கைக்கே செலவழித்து, பழைய நிபுணராகத் திரும்பிப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. கண்ணாடி விரிசல்விட்ட பழைய கைக்கடிகாரத்தை நடுங்கும் கையால் கட்டிக்கொண்டு காவலுக்கு நிற்கிறார். குணமாகவில்லை. ஆனால் நேராகிவிட்டார். எங்கள் பயிற்றுநர் சார் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் வெளிச்சம் வராது.

தம்பி, தங்கைகளே! நீங்களும் ஒருநாள் இந்த மேடைக்கு வந்து உங்கள் பூர்வகதையைச் சொல்வீர்கள். சொல்லுங்கள். ஆனால் அதில் உங்களுக்காக மை தொட்டு வரைந்த கை எது, காதில் ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்ட கை எது, உங்களால் ஒன்றை இழந்த கை எது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். யாராவது வயதானவர் வந்து "சார், சத்தம் சரியில்லை" என்றால், உங்கள் கையில் எந்தக் கருவி இருந்தாலும் சரி, முதலில் சுவிட்சை அணையுங்கள்.

எங்கள் பயிற்றுநர் சார் இன்று வந்திருக்கிறார். மூன்றாவது வரிசை, தூண் ஓரம். சார், அன்றைக்கு ஹாஸ்டலில் உங்களை நடித்துக் காட்டியதற்கு இன்று எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வருகிறது, சார். ராவிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சாப்பாடு தயார் என்று செயலாளர் அண்ணன் கை காட்டுகிறார்.